பெரட்டுக் களத்தில் யாரும் நகரவில்லை

ஸ்கூடாயில் என் வீட்டு மாடி அறையில் ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். பரீட்சை நெருங்கிவிட்டால் அறையில் உட்கார மாட்டாள். கீழே இறங்கி வந்து, நான் கீரை ஆய்கிற மேசைக்கு எதிரே புத்தகத்தை விரித்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். கேட்பதற்கு ஓர் ஆள் எதிரே இருந்தால்தான் மண்டையில் ஏறும் என்பாள். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. அதனால் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு எனக்குத் தமிழில் சொல்லிக்காட்டுவாள். அவளுக்கு அது பயிற்சி, எனக்குப் பொழுதுபோக்கு. எண்பது வயதைத் தாண்டிய பிறகு, சமூக உளவியல் என்று ஒரு படிப்பு இருப்பது எனக்கு இப்படித்தான் தெரியவந்தது.

நாலு பேர் கூடிய இடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் அந்தப் படிப்பாம். இதற்கு ஒரு புத்தகமா, அதற்கு மூன்று வருஷமா என்று நான் கேலி செய்தேன். தோட்டத்து லயத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஆறு மாதம் குடியிருந்தால் போதும், பட்டமே கொடுத்துவிடலாம் என்றேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள் 'பொறுப்புச் சிதறல்' என்று ஒன்றைப் படித்தாள். பலர் கூடி நிற்கிற இடத்தில், செய்ய வேண்டியதை வேறு யாராவது செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள். பொறுப்பு எல்லார்மீதும் கொஞ்சம் கொஞ்சமாக விழுவதால் யார்மீதும் விழுவதில்லை. அதற்கு அடுத்த பத்தி இன்னும் மோசம். கூட்டத்தில் எல்லாருக்கும் உள்ளுக்குள் வேண்டாம் என்றிருக்கும், ஆனால் வெளியே எல்லார் முகமும் சாதாரணமாக இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொருவரும், எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது என்று முடிவு செய்து வாயை மூடிக்கொள்வார்கள். அவள் சொல்லி முடித்தபோது நான் கீரைக்கட்டை மேசைமேல் எறிந்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"அலமாக், என்ன ஆன்ட்டி, கோவமா லா?" என்று கேட்டாள் பாவம்.

அவள்மேல் எனக்கு என்ன கோபம். எனக்கு நடந்ததை என்னைக் கேட்காமல் யாரோ எழுதி, அச்சடித்து, அதிலிருந்து பரீட்சைக் கேள்வியும் போட்டுவிட்டார்களே என்ற கோபம். கோபம் தணிந்ததும் அவளிடம் கொஞ்சம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அது உங்க தப்பு இல்ல ஆன்ட்டி, சிச்சுவேஷன் அப்படி" என்றாள். பொறுப்பை இவ்வளவு சுலபமாக என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாளே என்று இன்னும் எரிச்சலாக இருந்தது. அவளிடம் சொன்னது பாதி. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். ரெங்கம் டவுனிலிருந்து ஐந்து கல் உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். நானும் என் வீட்டுக்காரரும் பால் மரம் வெட்டினோம். வெள்ளைக்காரத் துரை ஒரே நாளில் காரில் ஏறிப் போய்விட்டார். கிராணி போகவில்லை. கணக்கெழுதுகிற கிராணிக்கு எந்த ராஜாவாக இருந்தால் என்ன, அதே நாற்காலி, அதே பேனா. ரப்பரை வாங்க ஆளில்லாமல் வேலை பாதியாகக் குறைந்தது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது. மேட்டுச் சரிவில் மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டோம். மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான். என் வீட்டுக்காரர் கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு, இது ரசம் சோறு, இது கருவாட்டுச் சோறு என்று பெயர் வைத்துத் தின்பார். எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

அவர் அதிகம் பேசமாட்டார். எதைச் செய்வதானாலும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் செய்வார். சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதானாலும் அப்படித்தான். பெண்டாட்டி முகம் பார்க்கிறவன் என்று மற்ற ஆண்கள் கிண்டல் செய்வார்கள். அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். இப்படி எல்லார் முன்னாலும் பார்க்காதீர்கள் என்று பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்று ஒன்று உண்டு. விடியும் நேரத்தில் ஆபீசுக்கு முன்னால் இருக்கிற களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகுதான் வரிசையை விட்டு நகர்ந்து அவரவர் வேலைக்குப் போக வேண்டும். பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் காலை அசைத்தவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. திட்டும் உதையும் தனி. எங்கள் மாமனார் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகியவுடனே பெரட்டு விளையாட்டுத்தான் விளையாடும். ஒன்று கிராணியாக நிற்கும், மற்றவை அசையாமல் நிற்கும்.

அந்தத் தோட்டத்தில் பெரட்டுக்கு வராத ஒரே ஆள், கக்கூஸ் வாளி எடுக்கிறவர். நாங்கள் எழுந்திருப்பதற்குள் அவர் ஒரு சுற்று முடித்துவிடுவார். ஸ்டோருக்குப் பின்னால், சதுப்புக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு தனிக் குடிசை. பெண்டாட்டி நான் அங்கே வருவதற்கு முன்பே செத்துவிட்டாளாம், பிள்ளை இல்லை. எங்கள் குழாயில் அவர் தண்ணீர் பிடிக்கக் கூடாது. கோயில் திருவிழாவில் அவருக்குச் சோறு போடுவது எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, வேலிக்கு அந்தப் பக்கம் வைத்து. கப்பலேறிக் கடல் தாண்டி வந்தவர்கள் எதை ஊரில் விட்டு வந்தார்களோ தெரியாது, இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். இன்றைக்கு அவரை நான் 'அவர்' என்கிறேன். அன்றைக்கு எங்கள் வாயில் 'தோட்டி' என்பது தவிர வேறு சொல் வந்ததில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கங்காணி தகரத்தைத் தட்டிக்கொண்டு லயம் லயமாக வந்தான். நாளைக்குப் பெரட்டில் ஆம்பளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் வர வேண்டும், தோட்டியும் வர வேண்டும், ஜப்பான் அதிகாரி வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனான். எதற்கென்று அவன் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லிக் கூட்டிப் போனவர்கள். மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒருத்தன் திரும்பவில்லை, ஒரு கடுதாசி வரவில்லை.

என் வீட்டுக்காரர் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். "நான் போகல புள்ள. என்ன கேட்டாலும் போகல" என்றார். எனக்கு உயிர் வந்தது. போகவே கூடாது என்று நானும் சொன்னேன். பிறகு, பக்கத்து வீட்டில் பேசிப் பார்க்கட்டுமா, நாலு பேர் சேர்ந்து சொன்னால் நல்லதுதானே என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் கங்காணியோடு சேர்ந்து கள் குடிக்கிறவர். யார் காதில் போட்டு யார் காதுக்குப் போகும் என்று தெரியாது, நம் முடிவு நம்மோடு இருக்கட்டும் என்றேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்திலும் குசுகுசு என்று ஏதோ சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அக்கா அதே நேரத்தில் அதே வார்த்தைகளைத் தன் புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் களத்தில் மூன்று லாரிகள் நின்றன. ஆண்கள் வழக்கம்போல வரிசையில் நின்றார்கள். பெண்களான நாங்கள் ஒரு பக்கமாக, கால்வாய்க் கரையில் நின்றோம். தோட்டியைக் கடைசி வரிசையின் ஓரத்தில் நிற்க வைத்திருந்தார்கள். அவருக்கும் பக்கத்தில் நின்றவனுக்கும் நடுவே இரண்டு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. யாரும் சொல்லாமலே அப்படி ஆகிவிட்டது.

அதிகாரி குள்ளமான ஆள். உடைந்த மலாயில் ஏதோ சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொன்னார். சயாமில் மூன்று மாத வேலை, அரிசிச் சோறு, நல்ல சம்பளம், லாரியிலேயே திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள், கட்டாயம் எதுவும் இல்லை. கடைசியில் அவர் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"போக இஷ்டமில்லாதவங்க வரிசைய விட்டு வெளிய வந்து இந்தப் பக்கம் நில்லுங்க. மத்தவங்க அப்படியே நில்லுங்க."

அப்படியே நில்லுங்கள் என்றால் நிற்பதற்குப் பிறந்த ஜனம் நாங்கள். பெயர் கூப்பிடாமல் எப்படி நகர்வது? எல்லாரும் கிராணி பெயர் வாசிப்பார் என்று காத்திருந்தார்கள். அவர் வாசிக்கவில்லை. ஒருவரும் அசையவில்லை.

பக்கவாட்டில் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு முகத்திலும் பயம் இல்லை, கலக்கம் இல்லை. சாதாரணமாக நின்றார்கள். இவர்கள் எல்லாரும் முன்னமே பேசிவைத்துப் போவதென்று முடிவு செய்துவிட்டார்கள், எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டாவது வரிசையில் நின்றார். அவருடைய பிடரிதான் எனக்குத் தெரிந்தது. யாராவது ஒருத்தன் முதலில் வெளியே வரட்டும், பின்னாலேயே இவர் வந்துவிடுவார் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

ஒருத்தர் வந்தார். தோட்டி வந்தார்.

கடைசி வரிசையிலிருந்து நிதானமாக நடந்து வந்து, கிராணி காட்டிய பக்கத்தில் ரம்புத்தான் மரத்தடியில் எங்களைப் பார்த்தபடி நின்றுகொண்டார். கிராணி அதிகாரியிடம் குனிந்து ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதிகாரி, நின்றால் நிற்கட்டும் என்பதுபோலக் கையை அசைத்தார். அவ்வளவுதான். அறையவில்லை, உதைக்கவில்லை, துப்பாக்கியைக் காட்டவில்லை.

எல்லாரும் பார்த்தோம். வெளியே வந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அந்தக் களத்தில் நின்ற அத்தனை பேரும் கண்ணால் பார்த்தோம். மரத்தடியில் தாராளமாக இடம் இருந்தது. இருபது அடி நடக்க வேண்டும். ஆனால் அந்த இடம் இப்போது தோட்டியின் பக்கம் ஆகிவிட்டது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். யாரோ, "போ, போயி வாளியத் தூக்கு" என்றான். வரிசைகள் கொஞ்சம் நெருங்கி நின்றதுபோல எனக்குத் தோன்றியது. எனக்கும் சீ என்றுதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வேறு யார் வந்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும், போயும் போயும் இவனா என்று நினைத்தேன். இவன் பக்கத்தில் போய் என் வீட்டுக்காரர் நின்றால் லயத்தில் காலம் முழுக்கப் பேசுவார்களே என்றும் நினைத்தேன். அதற்குப் பிறகு என் கண் அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை.

கிராணி இன்னொரு தடவை கேட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, மத்த எல்லாருக்கும் சம்மதம்" என்று கிராணி தாளை மடித்துக்கொண்டார்.

துணிமணி எடுத்து வர அரை மணி நேரம் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து ஒரு சட்டை, ஒரு வேட்டி, ஈயத்தட்டு, போர்வை இவ்வளவையும் ஒரு கோணிப் பையில் போட்டார். ஏன் வெளியே வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். மேட்டுப் பக்கம் மரவள்ளி நாலு வரிசைக்கு இன்னும் மண் அணைக்கவில்லை, மழைக்கு முன்னால் அணைத்துவிடு என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மூணு மாசந்தானே" என்றார். ஆமாம், மூணு மாசந்தானே என்று நானும் சொன்னேன். அவர் லாரியில் ஏறும்போது நான் அழவில்லை. யாரும் அழவில்லை, அதனால் நானும் அழவில்லை.

மூன்றாம் நாளே லயத்தில் பேச்சு மாறிவிட்டது. அங்கே அரிசிச் சோறாம், இங்கே கிடந்து கிழங்கு தின்பதற்கு அது எவ்வளவோ மேல் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். சம்பளம் கையில் வந்தால் ரெங்கத்தில் ஒரு சின்னக் கடை போடலாம் என்றாள் இன்னொருத்தி. ஒரு வாரத்தில் நாங்கள்தான் எங்கள் புருஷர்களை யோசித்து அனுப்பிவைத்ததுபோலப் பேச ஆரம்பித்துவிட்டோம். இதற்கும் ஒரு பெயர் இருக்கிறதாம். செய்ததும் நினைத்ததும் ஒட்டாமல் போனால் மனசு நினைத்ததைத் திருத்திக்கொள்ளும் என்று அந்தப் பெண் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். திருத்திக்கொள்ளாமல் என்ன செய்வது, ராத்திரிக்குத் தூங்க வேண்டாமா என்று கேட்டேன்.

திருத்த முடியாத ஒன்று மட்டும் லயத்துக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது. தோட்டி. கிராணியையும் கங்காணியையும், லாரியில் ஏற்றாமல் விட்டுப்போன கிழடுகளையும் விட்டால் தோட்டத்தில் திடமாக இருந்த ஒரே ஆண் அவர்தான். அவர் வாளியோடு போவதைப் பார்க்கும்போதெல்லாம், வெளியே வந்திருக்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது என்பது எங்கள் முன்னால் நடந்துபோகும். அதை எப்படித் தாங்குவது? அதனால் கதை கட்டினோம். கிராணி முன்னமே அவனிடம் சொல்லிவைத்திருக்கிறான் என்றோம். ஜப்பான்காரனுக்கு வேவு பார்க்கிறவன் என்றோம். பயந்தாங்கொள்ளி, நம் ஆம்பளைகள் மானமாக நின்றார்கள், இவன் ஓடினான் என்றோம். எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பிடித்த கதை, அவன் தோட்டி என்பதால்தான் விட்டார்கள், வேறு யார் வந்திருந்தாலும் அங்கேயே வெட்டியிருப்பார்கள் என்பது. ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். இரண்டாவது ஆள் வந்திருந்தால் அறைந்திருப்பார்களோ, ஐந்தாவது ஆள் வந்தபோது சுட்டிருப்பார்களோ, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது.

முன்பு அவரிடம் இரண்டு வார்த்தையாவது வேலை சொல்வோம். பிறகு அதுவும் நின்றது. அவர் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வோம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை அவர் மேல் கழுநீரை ஊற்றினாள். அவர் துடைத்துக்கொண்டு போனார். சதுப்புக்குப் பக்கத்தில் அவர் நிறைய மரவள்ளி போட்டிருந்தார். பஞ்சம் முற்றியபோது வாரத்துக்கு ஒரு நாள் ஒரு கூடைக் கிழங்கை லயத்து மூலையில் வைத்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு எடுத்துக்கொள்வோம். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவோம். நன்றி என்று ஒருத்தியும் சொன்னதில்லை, நான் உட்பட. தின்றுகொண்டே திட்டினோம்.

ஆறு மாதம் ஆனதும் நான் கிராணியிடம் போனேன். என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்றாவது கேட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். என் கையில் ஒன்றும் இல்லை, ரெங்கத்து ஆபீசில் கேள் என்றார். ஐந்து கல் நடந்தேன். வாசலில் நின்ற சிப்பாய்க்கு இடுப்பு வளைய வணக்கம் போட்டேன். உள்ளே இருந்த குமாஸ்தா, பட்டியல் இங்கே இல்லை, குளுவாங்குக்குப் போய்விட்டது, என் கையிலும் ஒன்றும் இல்லை என்றான். குளுவாங்குக்குப் போக ரயில் இல்லை, கையில் காசும் இல்லை. திரும்பி வந்து கிராணியிடம் சண்டை போட்டேன். நீங்கள்தானே ஏற்றிவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"நான் ரெண்டு தடவ கேட்டேன்மா. இஷ்டமில்லாதவங்க வெளிய வாங்கன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரிதானே கேட்டேன். யாரும் வரலியே."

எழுதிக்கொடுத்தவர் எழுதியது மட்டும்தான் செய்தார், ஓட்டியவன் ஓட்டியது மட்டும்தான் செய்தான், நின்றவர்கள் நின்றது மட்டும்தான் செய்தார்கள். யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் சொன்ன நாலு வரிசைக்கும் மறுபடி மண் அணைத்தேன். அதற்கு முன்பே இரண்டு தடவை அணைத்தாகிவிட்டது.

ஒரு வருஷம் போனது, அதற்கு மேலும் போனது. ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டபோது நாங்கள் சந்தோஷப்படக்கூட இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சில மாதம் கழித்து ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்று லாரி நிறையப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் வந்தார். காலில் ஆறாத புண்ணோடு, ஒரு சிறுபிள்ளையின் எடையில்தான் இருந்தார்.

என் வீட்டுக்காரர் மழைக்காலத்தில், ஓர் ஆற்றங்கரை முகாமில் பேதி கண்டு இறந்துபோனதாக அவர்தான் சொன்னார். அந்த இடத்துக்குப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. தான்தான் மூங்கில் பாயில் சுற்றிக் கட்டியதாகச் சொன்னார். நான் அழுது முடித்த பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். லாரி ரெங்கத்தைத் தாண்டுவதற்கு முன்பே ஆண்கள் ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். நீ ஏன் வெளிய வரல என்று ஒருவன் கேட்க, நீ வரலியே, அதனால வரல என்று மற்றவன் சொல்லியிருக்கிறான். கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் அந்த லாரியில் போக இஷ்டப்பட்டவன் ஒருத்தன்கூட இல்லை. அது தெரிந்ததும் எல்லாரும் சிரித்தார்களாம். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லையாம்.

மறுநாள் மத்தியானம் நான் சதுப்புப் பக்கம் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தக் குடிசைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. எதற்குப் போனேன் என்றால் சண்டை போடத்தான். எல்லாரும் நின்றபோது உனக்கு மட்டும் எப்படித் தோன்றியது, தோன்றியதை எங்களுக்கும் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அவர் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, வழக்கப்படி பத்தடி பின்னால் தள்ளி நின்றார்.

நான் கேட்டேன். கேட்டதைவிடத் திட்டியதுதான் அதிகம். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

"எனக்குப் பெரட்டெல்லாம் பழக்கம் இல்லம்மா. இஷ்டமில்லாதவன் வெளிய வான்னு கிராணி சொன்னாரு. எனக்கு இஷ்டமில்ல, வந்துட்டேன். நான் யாரு மொகத்தப் பாக்கணும், எனக்கு யாரு இருக்கா?"

பிறகு, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றார்.

"மரத்தடியில நின்னதால எனக்கு எல்லார் மூஞ்சியும் தெரிஞ்சிச்சும்மா. ஒங்க வீட்டுக்காரரு கால எடுத்து வச்சாரு. ஒரு கால் வரிசைய விட்டு வெளிய வந்திருச்சு. அப்பறம் திரும்பி ஒங்களப் பாத்தாரு."

நான் பார்க்கவில்லையே என்றேன்.

"நீங்க என்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு, மொகத்தச் சுளிச்சிக்கிட்டு இருந்தீங்க. அவரு அதப் பாத்தாரும்மா. பாத்துட்டு கால உள்ள எடுத்துக்கிட்டாரு."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. பார்த்ததைச் சொன்னார். அன்றைக்கு அவர் குளித்துவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டுதான் களத்துக்கு வந்திருந்தார். அது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடமிருந்து என்ன வாடை வந்திருக்க முடியும்? அதுவும் அவ்வளவு தூரத்தில் நின்ற எனக்கு?

ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வெளியே வருவதற்கு முன்னால் கையைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை என் முந்தானை என் மூக்கின்மேல்தான் இருந்தது.